பித்தளைக் குடத்துத் தண்ணீர்

எங்கள் காலனித் தண்ணீர் சென்னைக்குப் போய்ப் பாஸான கதை இது. பாஸானதால் நாங்கள் எதை இழந்தோம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்குப் பாஸ் என்றால் பாஸ்தான்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டியிருக்கிறது எங்கள் குடியிருப்பு. அம்மா பகலெல்லாம் பாத்தியில் உப்பு வாரி, கூடையில் சுமந்து மேட்டில் கொட்டிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து தாகத்துக்கு அடிபம்பை அடித்தால் அதிலும் உப்பு. முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் வாயில் வைக்கும்படி இருந்ததாம். மழை முறை தவறிப்போய், கடற்கரைச் சாலையோரம் விடுதிகள் முளைத்து, ஆளாளுக்கு ஆழத்தில் போர் போட்டு உறிஞ்சியதில் கடல் நிலத்துக்கடியில் உள்ளே வந்துவிட்டது என்பார் மாமா. நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். எனக்குத் தண்ணீர் என்றாலே அந்தக் கரிப்புதான்.

அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல். வலி வந்தால் சுருண்டுவிடுவாள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது புதிய வியாதி இல்லை. அரசு மருத்துவமனை டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, நல்ல தண்ணீராக நிறையக் குடிக்கச் சொன்னார். மாத்திரை கிடைத்தது, நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அம்மாவின் தம்பியான மாமா, கூனிமேட்டுப் பக்கம் வேலைக்குப் போய்வரும்போது தெரிந்தவர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு கேன் பிடித்து மொபெட்டில் வைத்துக்கொண்டு வருவார். அம்மா அதைப் பித்தளைக் குடத்தில் ஊற்றித் தட்டு போட்டு மூடி வைப்பாள். பெயருக்குத்தான் அது மருந்துத் தண்ணீர். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு சொம்பு, யாராவது விருந்தாளி வந்தால் ஒரு சொம்பு என்று போய், அம்மாவுக்கு மிஞ்சுவது அடியில் கொஞ்சம்தான்.

மாமாவுக்குக் கூட்டம், மனு என்றால் சோறு வேண்டாம். அவர்தான் எங்கிருந்தோ அந்தச் செய்தியைப் பிடித்து வந்தார். பருவநிலை மாறியதால் அடிபட்ட ஏழைக் குடியிருப்புகளுக்கு உதவ ஒரு நிதி இருக்கிறதாம். கிடைத்தால் காலனிக்கே தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் வந்துவிடும். அந்த நிதியின் பேச்சில் அடிக்கடி வந்த 'காலநிலை நீதி' என்ற சொல்லை மாமா மனப்பாடம் செய்துகொண்டு வீடு வீடாகச் சொன்னார். ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்: "நீதின்னா கேசுதானே? யாரு மேலப்பா கேசு?" மாமா செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பார்வையிட ஆட்கள் வரும் நாள் முடிவானதும் மாமா பெண்களைக் கூட்டி உத்தரவு போட்டார்.

"கலரு, காபி ஒண்ணும் வேணாம். பம்பு தண்ணிய அப்படியே குடுங்க. ஒரு வாய் குடிச்சா போதும், அவங்களுக்கே தெரிஞ்சிடும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் வாய் திறந்தாள்.

"ஏன்டா, வீடு தேடி வர்றவங்களுக்கு வாயில வெக்க முடியாத தண்ணிய குடுத்துட்டு எப்படிடா மூஞ்சிய பாக்கறது?"

"அக்கா, உனக்காகத்தான் கேக்கறேன். கெடுத்துடாத."

வந்தவர்கள் இருவர். ஒரு மேடம், அவருக்கு உதவியாக ஓர் இளைஞர். அம்மாவின் வியாதியைக் காட்டவே மாமா அவர்களை முதலில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அம்மா கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். வாசலில் கோலம், கடன் வாங்கிய இரண்டு நாற்காலிகள்.

"உடம்புக்கு எதாவது பிரச்சனை இருக்குதாம்மா?" என்று மேடம் கனிவாகத்தான் கேட்டார்.

"நல்லாருக்கேங்க. நீங்க நல்லாருக்கீங்களா?" என்றாள் அம்மா.

மாமா தொண்டையைச் செருமினார். அம்மா நினைவு வந்தவளாக, "கொஞ்சம் கல்லு இருக்குதுன்னு சொன்னாங்க" என்றாள், யாரோ கொடுத்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல.

பிறகு டம்ளர்கள் வந்தன. மேடம் குடித்தார். குடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று மாமாவைப் பார்த்தார். மாமா பித்தளைக் குடத்தைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள். மாமா அப்படியே மேடத்தைக் கையோடு அடிபம்புக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே மேடம் ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பியதை நானே பார்த்தேன். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று மாமாவுக்கு மூச்சு வந்தது.

ஆனால் நான் திரும்பி ஓடி வந்தபோது, அந்த இளைஞர் எங்கள் வாசலில் வியர்த்து வடிய நின்றுகொண்டிருந்தார். காதில் போன். பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"அக்கா, இதுல தண்ணி புடிச்சுக் குடுங்க. சென்னைக்கு எடுத்துட்டுப் போகணும்."

சொல்லிவிட்டுப் போனோடு வேப்பமர நிழலுக்கு நகர்ந்துவிட்டார். அம்மா என்ன நினைப்பாள்? வெயிலில் வந்த பிள்ளை, தூரம் போக வேண்டியவன், வழிக்குத் தண்ணீர் கேட்கிறான். பாட்டிலைக் கழுவினாள். பித்தளைக் குடத்தைச் சாய்த்துக் கழுத்துவரை நிரப்பினாள். குடம் காலியானது. அவர் அதன்மேல் ஒரு சீட்டை ஒட்டியபோது, பாட்டில் மாறிப்போகாமல் இருக்க என்று நினைத்தோம். காலிக் குடத்தை அம்மா கவிழ்த்து வைத்தாள்.

சென்னையில் தண்ணீரைச் சோதித்த முடிவு போனில் வந்தது. அடிபம்பருகே நின்று கேட்ட மாமா, "நம்ம தண்ணி நல்ல தண்ணியாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் அடிபம்பைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் அவர் சொன்னதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. பள்ளிக்கு ஓடினேன். எங்கள் காலனித் தண்ணீர் சென்னையில் பாஸாகிவிட்டது என்று டீச்சரிடம் சொன்னேன். வகுப்பே கைதட்டியது.

பிறகு மாமா அடிபம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு சென்னைக்கே போனார். விண்ணப்பித்தவர்கள் தாங்களே கொண்டுவரும் தண்ணீரை ஏற்க முடியாது என்றார்கள். ஒரு வகையில் அவர்கள் சொன்னதும் நியாயம்தான். பம்பில் வாய் வைத்துப் பார்த்த மேடம் எங்களுக்காகப் பேசிப் பார்த்தாராம். நிதி தரும் குழு, ஆய்வுத்தாளில் இருந்ததைத்தான் பார்த்தது. மிஷின் வேறொரு ஊருக்குப் போனது. அவர்களுக்கும் தாகம் இருந்திருக்கும்.

அதெல்லாம் நான் வளர்ந்த பிறகு சேர்த்துத் தெரிந்துகொண்டது. கைதட்டல் வாங்கிய அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் பறந்து வந்தேன். அம்மா வேலைக்குப் போகவில்லை. விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். மாமா அதற்குள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவின் முகம் வீங்கியிருந்தது, வலியால் என்று நினைத்தேன்.

"அம்மா, டாக்டரு நல்ல தண்ணி நெறைய குடிக்கச் சொன்னாரு இல்ல?"

"ம்."

நான் பெரிய சொம்பை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு ஓடினேன். என் நாக்குக்கு அது கரிக்கத்தான் செய்தது. ஆனால் சென்னையில் சொல்லிவிட்ட பிறகு என் நாக்குக்கு என்ன மதிப்பு? தளும்பத் தளும்பக் கொண்டுவந்து நீட்டினேன்.

"குடிம்மா. நம்ம தண்ணி நல்ல தண்ணியாம். மெஷின்ல போட்டுப் பார்த்துச் சொல்லிட்டாங்க."

அம்மா சொம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்து, முகம் சுளிக்காமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னொரு சொம்பு கொண்டாரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.