வாசக்கால் வைக்க ஆள் தேடிச் சிதம்பரம் போனது

2009 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி வாக்கில் கடலூர் முதுநகரிலிருந்து கிளம்பினோம். வண்டி என் தங்கை வீட்டுக்காரர் செல்வராசுவின் பழைய மாருதி வேன். சிதம்பரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட இருக்கும். மற்ற நாளாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அன்றைக்கு ஊரைத் தாண்டவே அரை மணி பிடித்தது. கடைகள் பாதிக் கதவு சாத்திக் கிடந்தன, கம்பத்துக்குக் கம்பம் கறுப்புக் கொடி. கடலுக்கு அந்தப் பக்கம் ஈழத்தில் சண்டை முற்றி, சனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த சமயம் அது.

நான் போன வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பதினைந்து வருடமாக சைட் இன்ஜினியர். அந்த நாட்டை நம் கடலூர் மாவட்டத்துக்குள் நாலைந்து தடவை வைத்துவிடலாம், அவ்வளவுதான் அளவு. ஆனால் அரசாங்கம் வருடா வருடம் பட்டாளத்துக்கு ஒதுக்கும் பணம் அளவில்லாதது. முகாம், ஓடுதளம், சுடும் பயிற்சிக்கான காடு என்று இருக்கிற கையளவு நிலத்தில் கட்டிக்கொண்டே இருப்பார்கள். இடம் போதாமல் வேறு நாடுகளில் போய்ப் பயிற்சி எடுப்பதும் உண்டு. இந்தத் தடவை எங்களுக்குக் கிடைத்த வேலை ஒரு பொய் ஊர். தெரு, கடை, மாடிவீடு எல்லாம் நிஜம்போலவே இருக்கும், குடியிருக்க மட்டும் யாரும் வரமாட்டார்கள். சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சண்டை போடப் பழகுவதற்காக அந்த ஊர். அதைக் கட்ட ஒரு நல்ல கொத்தனார் செட்டு வேண்டும்.

சிதம்பரத்தில் கலியமூர்த்தி மேஸ்திரி என்று ஒருவர், பத்துப் பேருடன் தயாராக இருக்கிறார் என்று செல்வராசு சொல்லியிருந்தார். ஆலப்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் மிச்சத்தைச் சொன்னார். டீ நாலு ரூபாய், தண்ணீராக இருந்தது.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. அவுங்ககிட்ட நான் அப்பார்ட்மெண்ட் வேலன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன் மாப்ள அப்படிச் சொன்னீங்க?"

"இந்த நேரத்துல மிலிட்டரி கேம்ப்புன்னு வாயத் தொறந்தா கல்லெடுத்து அடிப்பான். மேஸ்திரிக்கு இதான் கடைசி சான்ஸ் மச்சான். ரெண்டு தடவ ஏஜெண்டுங்க ஏமாத்திட்டானுங்க. இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும், பர்மிட்டே கெடைக்காது. அங்க போய் எறங்குனப்புறம் சொல்லிக்கலாமே."

"போய் இறங்கின பிறகு பாலத்திலிருந்து தள்ளிவிட்ட மாதிரி ஆகாதா? நான் சொல்லத்தான் போகிறேன்" என்றேன். அவர் கிளாசைத் தொட்டியில் வைத்துவிட்டு, அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் சாலையை மறித்திருந்தார்கள். டயர் எரிந்துகொண்டிருந்தது. நூறு பேர் இருப்பார்கள், பெரும்பாலும் மாணவர்கள். பஸ்கள் வரிசையாக நின்றன. ஒரு பையன் வந்து வேனின் கதவைத் தட்டினான், சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தான்.

"எங்க போறீங்க?"

"சிதம்பரம் தம்பி. வாசக்கால் வைக்கிற விசேஷம்" என்றார் செல்வராசு. அது பொய்யில்லை. மேஸ்திரி அன்றைக்கு ஒரு வீட்டில் வாசக்கால் வைக்கிறார், ராகுகாலத்துக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்.

பையனின் கண் என் மடியில் இருந்த புத்தகத்துக்குப் போனது. எங்கள் கம்பெனி விளம்பரப் புத்தகம், அட்டையிலேயே முன்பு கட்டிய பயிற்சிக் களத்தின் படம். சாம்பல் நிறச் சுவர்கள், கண்ணாடியில்லாத சன்னல்கள், படிக்கட்டில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். அதை ஏன் பைக்குள் வைக்காமல் மடியில் வைத்தேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பையன் கையை உள்ளே விட்டு எடுத்தான்.

"இது எந்த ஊரு?"

"சிங்கப்பூர்."

"சிங்கப்பூர்ல ஏது சார் இந்த மாதிரி இடிஞ்ச ஊரு?"

அவனுக்குப் பின்னால் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "இலங்கையில கேம்ப்பு கட்ட ஆள் புடிக்கிறானுங்கடா" என்று ஒரு குரல். வேனின் பக்கவாட்டில் தடதடவென்று கைகள் விழுந்தன. செல்வராசு அவசரமாகக் கதவைப் பூட்டினார். நானும் பயந்தேன். அதே நேரம், அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. நேற்று ராத்திரி செய்தி பார்த்துவிட்டு நானே சாப்பிடாமல் எழுந்தவன்தான்.

"தம்பி, படத்துல சுவர்ல மாட்டியிருக்கிற பலகையைப் பாருங்க" என்றேன். பையன் குனிந்து பார்த்தான். இங்கிலீஷ், சீனம், மலாய், தமிழ், நாலிலும் அபாயம் என்று எழுதிய பலகை. எங்கள் சைட்டுகளில் அப்படித்தான் மாட்டுவோம்.

"சிங்கள எழுத்து இல்லடா, சீனா எழுத்துதான் இருக்கு, உடுங்கடா" என்று திரும்பிக் கத்தினான். கைகள் நின்றன. புத்தகத்தை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "எந்த நாட்டு மிலிட்டரியா இருந்தா என்ன சார். நல்லா கட்டிக் குடுங்க." அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. ஒன்றரை மணி நேரம் கழித்து வழி விட்டார்கள்.

வெள்ளாற்றுப் பாலத்தை வேகமாகக் கடந்து, ஊருக்குள் போகாமல் கிள்ளை ரோட்டுக்குத் திரும்பினோம். புதிதாக மனை போட்ட இடம். ஒரு வீட்டின் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது, வாசலில் உறவுக்காரர்கள் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். மணி பத்தேகால். பத்தரைக்கு ராகுகாலம். மேஸ்திரியின் ஆட்கள் மூன்று பேர் மறியலில் மாட்டிக்கொண்டு வந்து சேரவில்லை. தேக்கு வாசக்கால் மஞ்சளும் குங்குமமுமாகக் கீழே கிடந்தது.

கலியமூர்த்தி ஒல்லியான ஆள், தலையில் துண்டு. "சார்தான் சிங்கப்பூர் சாரா? அப்புறம் பேசலாம். மொதல்ல ஒரு கை குடுங்க" என்றார். நானும் செல்வராசுவும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு மூலை பிடித்தோம். குழியில் நவதானியமும் காசும் போட்டார்கள். மேஸ்திரி தூக்குக்குண்டு பிடித்துக்கொண்டு, "இப்டி இப்டி, போதும், நில்லுங்க" என்றார். வாசக்கால் குழியில் இறங்கியதும் பெண்கள் குலவையிட்டார்கள். பதினைந்து வருடமாகக் கட்டடம் கட்டுகிறேன், ஒரு வாசக்காலைக் கையால் தூக்கி நிறுத்தியது அன்றைக்குத்தான்.

கேசரியும் வடையும் கொடுத்தார்கள். மணல் குவியல்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேஸ்திரியின் மனைவி அஞ்சலை அவரோடே சித்தாள் வேலை செய்பவர், அவரும் வந்து உட்கார்ந்தார். செல்வராசு என் முழங்காலை அழுத்தினார். நான் சொல்லிவிட்டேன்.

"மேஸ்திரி, அது அப்பார்ட்மெண்ட் இல்லைங்க. பட்டாளத்துக்குப் பயிற்சி ஊர். நாப்பது வீடு."

அவர் வடையைக் கீழே வைத்தார். "யாரு குடியிருப்பாங்க?"

"யாரும் இல்லை. பசங்க கதவை உதைச்சுக்கிட்டு உள்ள போய்ப் பழகுவாங்க. சுவர் உடைஞ்சா திரும்பப் பூசணும், கதவு போனா மாத்தணும்."

"ஒதைக்கிறதுக்கா வாசக்கா வைக்கிறது?"

ஆட்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். செல்வராசு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்த மனிதரின் கடைசி வாய்ப்பை என் வாயால் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது.

அஞ்சலைதான் கேட்டார். "அந்தப் பசங்க யாரு வூட்டுப் புள்ளைங்க சார்?"

"எல்லார் வூட்டுப் பிள்ளைங்களும்தான். பதினெட்டு வயசானா ரெண்டு வருஷம் போயே ஆகணும், சட்டம். சீனப் பசங்க, மலாய்ப் பசங்க, நம்ம பசங்களும் உண்டு."

"ஒங்க புள்ள?"

"எனக்கு அங்க நிரந்தரமா இருக்க அனுமதி கெடைச்சிருக்கு. அதனால அவனும்தான். இன்னும் மூணு வருஷத்துல."

அதை அதுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் மிச்சக் கேசரியை ஓரமாக வைத்தேன்.

மேஸ்திரி புதிதாக நின்ற வாசக்காலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வரேன் சார். ஆனா ஒண்ணு. நான் வைக்கிற வாசக்காலுக்கு மஞ்சா தடவாம, காசு போடாம வைக்க மாட்டேன். நாப்பது வூடோ நானூறு வூடோ. அதுக்கு ஒத்துக்கிட்டா வரேன்" என்றார்.

"குடியிருக்க ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்குங்க மேஸ்திரி?"

"குடியிருக்க ஆளு இல்லாட்டி போவுது. உள்ள போற புள்ள வெளிய வரணும்ல."

மாலையில் திரும்பும்போது புதுச்சத்திரத்தில் டயர்ச் சாம்பல் மட்டும் சாலையில் கிடந்தது. செல்வராசு பேச ஆரம்பித்துவிட்டார். "சொன்னதும் நல்லதாப் போச்சு மச்சான்" என்றார், ஏதோ அவர்தான் சொல்லச் சொன்ன மாதிரி. நான் அந்தப் பையன் நின்ற இடத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மேஸ்திரி வந்தார், நாற்பது வாசலும் வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ரூபாய் இந்தியக் காசு இருக்கிறது. கம்பெனி மேனேஜர் மஞ்சளைக் காட்டி என்ன என்று கேட்டபோது, கரையான் மருந்து என்று நான் சொல்லிவைத்தேன். மறுவருடம், கட்டி முடிந்த பகுதியை ஒப்படைத்ததும், முதல் பயிற்சி நாளில் உடைந்ததைச் சரிசெய்ய மேஸ்திரியையும் என்னையும் வேலிக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தார்கள். மீசை அரும்பாத பசங்கள் ஓடி வந்து, மேஸ்திரி வைத்த வாசலில் கதவை உதைத்துத் திறந்து உள்ளே பாய்ந்தார்கள். வெற்றுத் தோட்டா வெடித்தது, புகை வந்தது. சிதம்பரத்தில் ஒரு வாசலுக்கு ஊரே கூடி நின்றது. இங்கே நின்றது நாங்கள் இரண்டு பேர். மேஸ்திரி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். பசங்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"உள்ள போனது எட்டுப் பேரு சார். எட்டும் வந்துடுச்சு."