கணக்கு வாத்தியாருக்குப் பதில் வந்த திரை

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போனபோது என் மகள் பத்தாம் ஆண்டில் இருந்தாள். உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு முந்தின சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு போய்விட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். வாத்தியாருக்குப் பதில் ஆள் வரவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பெரிய தொடுதிரை ஒன்று வந்தது. பொங்கல் வைத்து வரவேற்றோம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி மைக்கைப் பிடித்து, இனிப் பிள்ளைகள் தத்தம் வேகத்தில் தாங்களே படிப்பார்கள் என்றார். நானும் கைதட்டினேன். வெட்கங்கெட்ட கை!

திரையில் இருந்த பாடமெல்லாம் சிங்களம். தமிழ் பிறகு வருமாம். "ஒங்க பிள்ளைங்களுக்குத்தான் சிங்களம் தண்ணி பட்ட பாடாச்சே" என்று சிரித்தார் அந்த மனிதர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தத் திரை மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்து ஊரான ஓப்பநாயக்க கடைத்தெருவில் பேசிப் பழகிய சிங்களத்தை வைத்துக்கொண்டு, விளங்காத இடத்தை அவள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். 'இதுகூடத் தெரியாதா' என்று யாரும் தலையில் குட்டவில்லை. நான் படித்த காலத்தில் கணக்குப் பாடம் என்றாலே கடைசி வாங்கில் போய் ஒளிந்துகொள்வேன். இவளோ சோறு தின்னும்போதும் வட்டம், முக்கோணி என்று அதே பேச்சாக இருந்தாள்.

அடுத்த வருஷம் சாதாரண தரத்துக்கு ஒத்திகையாக முன்னோடிப் பரீட்சை வைத்தார்கள். வினாத்தாள் தமிழில் வந்தது. வீட்டுக்கு வந்தவள் புத்தகப் பையைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாம் தெரிஞ்ச கணக்கும்மா. என்னத்தக் கேக்குறாங்கன்னுதான் வெளங்கல. சிங்களத்துல ஸ்பர்ஷகயன்னா எனக்குத் தெரியும், வட்டத்தத் தொட்டுக்கிட்டுப் போற கோடு. தமிழ்ல அதத்தான் தொடலிங்கிறாங்கன்னு யாரு கண்டா?"

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அதே அதிகாரி வந்திருந்தார். எழும்பி நின்றேன்.

"சேர், பாடம் ஒரு பாஷ, பரீட்ச ஒரு பாஷ. எந்த ஊரு நியாயம் இது?"

"தமிழ்ப் புத்தகம் குடுத்திருக்கோமே அம்மா. பிள்ள தானா ஒப்பிட்டுப் படிக்கணும். சுயகற்றல்னா அதுதான்."

"எல்லாத்தையும் பிள்ளையே பாத்துக்கிட்டா நீங்க எதுக்கு சேர் சம்பளம் வாங்குறீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. அடுத்த மாதம் வாத்தியார் வருவார் என்றார். வரவில்லை.

மகள் தமிழ்ப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினாள். எந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கூடப் படித்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். பாதிப் புத்தகம் தாண்டுவதற்குள் சாதாரண தரப் பரீட்சை வந்துவிட்டது. மற்றப் பாடமெல்லாம் சித்தி, கணக்கில் மட்டும் ஃபெயில். பெறுபேறு வந்த அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் சாப்பிடவே எழும்பவில்லை. பெற்ற வயிறு அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கும்?

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சில நாள் கழித்து மடுவத்து வாசலில் பள்ளிக்கூட அதிபர் வந்து நின்றார்.

"ஒங்க மக நல்லா வெளங்கப்படுத்துவாளாமே. பத்தாம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்க ஆளில்ல. கொஞ்ச நாளைக்கு அனுப்புங்களேன். வீட்டுல சும்மாதானே இருக்கா?"

சும்மாவா! என் இடுப்பிலிருந்த குழந்தை வீரிட்டு அழும்படி கத்தினேன். "ஃபெயிலாக்கி வீட்டுல ஒக்கார வச்சிட்டு, இப்ப வாத்தியாரா வரச் சொல்றீங்களா? ஒங்களுக்கே வெக்கமா இல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வேற வழி தெரியலம்மா" என்றார்.

அவளும் என்னைப் போலக் கத்துவாள் என்று நினைத்துத்தான் வீட்டில் போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"நான் போறேம்மா. போகாட்டி அதுங்களுக்கும் இதே கதிதான்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒனக்கு இன்னும் பாதிப் புத்தகம் கெடக்கு. திரும்பப் பரீட்ச எழுதணும். அத ஒனக்கு யாருடி சொல்லிக்குடுப்பா?"

கொடியில் கிடந்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"யாரும் இல்லம்மா."