ஒரே வாளியில் இரண்டு தவளைகள்

கோடியக்கரைக் காட்டில் தவளைகள் என்ன தின்கின்றன என்று ஆராயப் போயிருந்தேன். மனமோ குத்தாலத்து வீட்டில் கிடந்தது. மனைவியோடு தனிக்குடித்தனம் போகப்போவதாகத் தம்பி காலையில்தான் சொல்லியிருந்தான்.

மழையில் நனைந்த ஒரே சருகுக் குவியலில் பெரிய தவளை ஒன்றும் சின்னத் தவளை ஒன்றும் கிடைத்தன. சின்னது எறும்பும் கறையானும் தின்னும். பெரியது வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். ஒன்றாகத்தானே இருந்தன என்று இரண்டையும் ஒரே வாளியில் போட்டு மூடினேன். அதற்குள் தம்பி மறுபடி அழைத்தான்.

“ஒரே வீட்ல இருந்தா என்னடா கொறஞ்சுபோச்சு?” என்று நடந்துகொண்டே கத்தினேன்.

“கத்தாதீங்கண்ணே. இங்க மூச்சு முட்டுது.”

போனை வைத்துவிட்டு வந்து மூடியைத் திறந்தேன். பெரிய தவளையின் வாயிலிருந்து சின்னதின் பின்னங்கால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அதுவும் உள்ளே போய்விட்டது.

கூட ஆய்வு செய்யும் ஷமீமா எட்டிப் பார்த்தாள். “சருகுன்னா ஓடி ஒளிஞ்சுக்கும். வாளியில எங்க போகும்?”

உடனே தம்பியை அழைத்தேன். “சொல்லுங்கண்ணே” என்றான், பயந்துகொண்டே.

“வீடு பாத்துட்டியாடா?”

இப்போது பக்கத்துத் தெருவில் இருக்கிறான். சாயங்காலமானால் தானாகவே வந்து, சத்தமாகச் சிரித்துப் பேசுகிறான். எனக்குத்தான் அந்தப் பின்னங்கால் கண்ணை விட்டுப் போகவில்லை.