பேத்தியின் விலாவும் பனியன் கழுத்தும்

2005 ஜூலை 9, மாலை நாலு மணி, சாரல் மழை. குறைமாதத்தில் பிறந்த என் பேத்தி ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறினாள். வெளியே நின்று ஒவ்வொரு மூச்சாக எண்ணினேன்.

"ரிப் நல்லா விரியுதுங்க ஐயா, பாப்பா பொழச்சுக்குமுங்க. எண்ணி எண்ணி நீங்க படுக்கையில விழுந்துறாதீங்க" என்று தன் விலாவைத் தொட்டுக் காட்டினார் நர்ஸம்மா.

பனியன் கழுத்துக்கான ரிப் துணியை இழுத்துவிட்டு, பழையபடி சுருங்குகிறதா என்று பார்ப்பதே கம்பெனியில் என் வேலை. அவள் நெஞ்சும் அப்படியே விரிந்து சுருங்கியது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

நான்காம் நாள் அவளை மகள் மடியில் கொடுத்தார்கள். அன்றே 'ரிப்' என்ற சொல்லைப் பார்க்க ஆங்கில அகராதி வாங்கினேன். விலா எலும்பு, இலை நரம்பு, படகின் வளைமரம் எல்லாவற்றுக்கும் அதே சொல். கூரை வேய்வதைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்திருக்கலாமாம். உள்ளங்கையளவு நெஞ்சுக்கு யார் வேய்ந்த கூரை அது? அகராதி முந்நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசத் தோன்றவில்லை.