ஐயாயிரம் என்று சொன்ன வாய்

அந்த ஷட்டிலை எடுத்தது நான்தான்.

சுமிதா எடுக்கவில்லை. சந்தையில் யாரும் விற்கவில்லை. நான் எடுத்தேன்! பதினோரு வருடங்களுக்கு முன்னால், என் இந்தக் கையால், தெரிந்தே எடுத்தேன்.

ஷட்டில் என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். பழைய கை மெஷினின் அடிப்பகுதியில், விரல் நீளத்தில், சின்னப் படகு போல ஓர் இரும்புத் துண்டு முன்னும் பின்னும் ஓடும். அடிநூல் அதற்குள்தான் இருக்கும். அது சரியாக இருந்தால் தையல் முத்துக் கோத்ததுபோல் விழும். அது போனால் மெஷின் வெறும் இரும்பு. இப்போது அந்த வகை ஷட்டிலை எந்தக் கம்பெனியும் செய்வதில்லை.

நான் வங்கத்தில், சாந்த்ராகாச்சியில் பிறந்து வளர்ந்த தமிழன். அப்பா ரயில்வே யார்டில் கூலி. ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. கல்யாண வீட்டில்கூடச் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். ஆனால் ஒரு தையல் மெஷினை என் முன்னால் வையுங்கள்... அப்புறம் பாருங்கள்! சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது, எந்த வீட்டில் கடுகெண்ணெய் விட்டுப் பிசின் பிடிக்க வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்கு அடக்கம் கிடையாது.

விலையும் அப்படித்தான். பெட்டியோடு கையில் தூக்கிப் போகிற பழைய மெஷின்களுக்கு இன்று நல்ல மவுசு. வாங்க வருகிறவர்கள் என்னைக் கூட்டிப் போவார்கள். நான் ஒரு தொகை சொல்வேன். விற்பவரும் வாங்குபவரும் அதற்குமேல் பேச மாட்டார்கள். விலை விஷயத்தில் நான் பொய் சொன்னதே இல்லை. இன்றுவரை இல்லை. வேடிக்கையைப் பாருங்கள், நான் சொல்லவந்த குற்றமே அந்த உண்மையில்தான் இருக்கிறது!

திவ்யா என்ற பெண். ஈரோட்டுப் பக்கம்; சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறில் குழந்தைகளுக்குக் கவுன் தைப்பாள். ஒருநாள் போன் செய்தாள்.

“அண்ணா, நம்ம ஊர்க்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு பழைய மெஷின் போட்டிருக்காங்க. பெஹாலாவுல. எட்டாயிரம் கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நீங்க வந்து பாத்துச் சொல்லோணும்.”

போனேன். தெரு திரும்பியதுமே வீடு எது என்று தெரிந்துவிட்டது. அது ஜானகி மாமியின் வீடு. மாமியின் கணவர் வங்கி அதிகாரி, காலமாகிவிட்டார். அந்த வீட்டு மெஷினுக்கு வருடக்கணக்காக எண்ணெய் விட்டவன் நான். திரும்பிப் போயிருக்கலாம். கால் வலி, காய்ச்சல், எதையாவது சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் விலை தப்பாது என்ற திமிர் என்னைப் படியேற்றியது.

மாமி கதவைத் திறந்து, என்னையும் திவ்யாவையும் பார்த்துச் சிரித்தார்.

“அட, பழனியா! மெஷின் டாக்டரையே அழைச்சுண்டு வந்திருக்கியே! இவன் பேசணும்னா தொண்டையிலே ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விடணும்டீ, தெரியுமோ?”

கூடத்தில் அட்டைப்பெட்டிகள். மாமியின் மருமகள் சுமிதா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். வங்காளிப் பெண். மகன் அவளைக் கல்யாணம் செய்தபோது மாமி இரண்டு வருடம் அவர்களோடு பேசவில்லை. அந்தச் சுமிதாதான் இப்போது புனேயிலிருந்து வந்து, “மா, தனியா இருக்க வேண்டாம்” என்று மாமியைக் கூட்டிப் போகிறாள். மாமியும் சம்மதித்துவிட்டார். அன்று அந்த வீட்டில் எல்லோர் முகமும் நன்றாக இருந்தது. அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினைப் பார்த்தேன். வளைந்த மரப்பெட்டியில் ஒரு வெடிப்பில்லை. கறுப்பு உடம்பில் தங்கப் பூவேலை அழியவில்லை. சக்கரம் வெண்ணெய்போல் சுற்றியது. எட்டாயிரம் நியாயமான விலை. அடித்தகட்டை நகர்த்தினேன்.

அங்கே அது இருந்தது. நான் போட்ட மட்டமான ஷட்டில்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் மாமி மெஷினை சர்வீசுக்குக் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மனைவி செல்வியிடமும் அதே வகை மெஷின். அவளுடைய ஷட்டில் முனை உடைந்து நூல் அறுந்துகொண்டே இருந்தது. துர்கா பூஜை நெருங்கிவிட்டது, நாற்பது ரவிக்கை பாக்கி. மாமியின் ஷட்டிலைக் கழற்றி அவளுடையதில் போட்டேன். இரண்டே நாள் என்று நினைத்தேன். தையல் எப்படி விழுந்தது தெரியுமா! செல்வி நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்... இரண்டு நாள் முடிந்ததும், உள்ளூரில் வார்த்த ஒரு துண்டை வாங்கி, அரத்தால் ராவி, மாமியின் மெஷினில் பொருத்திக் கொடுத்துவிட்டேன். மாமி அதிகம் தைப்பவரில்லை. கண்டுபிடிக்கவில்லை.

இப்போது திவ்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க சொல்ற வெலைதானுங்கண்ணா. ஒத்த ரூபா பேரம் பேச மாட்டேன்.”

எட்டாயிரம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். சொன்னால் திவ்யா ஏமாறுவாள்; என் வாயால் வந்த முதல் பொய் விலை அதுவாக இருக்கும். எட்டாயிரம் சொல்லி, நல்ல ஷட்டில் என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து போடுகிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த வழியும் எனக்குத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது!

“ஐயாயிரம்,” என்றேன். “ஷட்டில் மாத்தியிருக்கு. இது லோக்கல்.”

குரல் நடுங்கவில்லை. விலை சொல்லும்போது என் குரல் நடுங்காது.

மாமியின் சிரிப்பு நின்றது. “என்னப்பா சொல்றே? எங்கம்மா சீதனமாக் கொடுத்த மெஷின். யார் மாத்துவா? இது ஆத்தை விட்டு ஒரே தடவைதான் வெளியே போயிருக்கு. இவளும் என் பிள்ளையும் வாடகை வீட்டிலே இருந்தப்போ, திரைச்சீலை தைக்கணும்னு நாலு மாசம்...”

மாமியின் பார்வை சுமிதாவின் பக்கம் போயிற்று.

மெஷின் என்னிடம் வந்தது மாமிக்கு நினைவில்லாமல் இல்லை. அவரே சொன்னார்: “உன்கிட்ட சர்வீசுக்கு வந்ததெல்லாம் வெளியே போனதிலே சேர்த்தியா? நீ கழட்டினா நீயே மாட்டறவன்.”

அந்த வார்த்தையை நான் எங்கே வைத்துக்கொள்வது, சொல்லுங்கள்!

சுமிதாவுக்குத் தமிழ் ஓரளவு புரியும். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். “மா, ஆமி கிச்சு கோரினி,” என்றாள். ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று அர்த்தம். மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். சுமிதா என் பக்கம் திரும்பினாள். அந்த வீட்டில் நியாயம் கேட்க அவளுக்கு வேறு ஆளில்லை.

“தாதா, நீங்கள்தானே மெஷின் தெரிந்தவர்,” என்று அண்ணனை அழைப்பதுபோல் வங்காளியில் கேட்டாள். “அதை எப்போது மாற்றியிருக்கிறார்கள்? பார்த்தால் தெரியாதா?”

தெரியும். அதன் ஓரத்தில் அரம் ஓடிய கோடுகள் என்னுடையவை. எந்த வருடம், எந்த மாதம், எந்தத் திண்டில் உட்கார்ந்து ராவினேன் என்பதுவரை தெரியும்.

“போலா ஜாய் நா,” என்றேன். அதாவது, சொல்ல முடியாது.

மூன்று சொற்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். அதுவும் கூச்சத்தோடு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். கூச்சக்காரன் பொய் சொல்ல மாட்டான் என்று இந்த உலகம் நினைக்கிறது. நினைக்காதீர்கள்!

திவ்யா ஐயாயிரம் கொடுத்தாள். மாமி எண்ணாமல் வாங்கிக்கொண்டார். சுமிதா பாத்திரம் சுற்றும் வேலைக்குத் திரும்பினாள்; ஆனால் செய்தித்தாள் கிழிகிற சத்தம் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது.

அவர்கள் புனேக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். திவ்யா அழைத்தாள். ஒரிஜினல் ஷட்டில் எங்காவது கிடைக்குமா, என்ன விலையானாலும் சரி என்றாள். நான் யோசிக்கவே இல்லை. அன்று மாலையே செல்வியின் மெஷினிலிருந்து அதைக் கழற்றினேன். தேய்ந்துவிட்டது என்று அவளிடம் சொல்லி வேறொன்றைப் போட்டேன். திவ்யாவிடம், பழைய சாமான் சந்தையில் அகப்பட்டது என்றேன். காசு வாங்கவில்லை. “அய்யோ, சும்மாவாங்கண்ணா!” என்று அவள் குதித்தாள்.

எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? பொருள் உரிய மெஷினுக்குப் போய்விட்டது. இனி மெஷின் முழுசு. என் கையும் சுத்தம். ஸ்டேஷனில் நின்று ஒரு டீ வாங்கிக் குடித்தேன். முட்டாள்!

நன்றாக ஓடுகிற உறுப்பை நான் பிரிப்பதில்லை. அது என் தொழில் வழக்கம். அதில் எனக்குப் பெருமை. பதினோரு வருடமும் அந்த ஷட்டிலின் மேல்தகட்டை நான் கழற்றிப் பார்த்ததில்லை. திவ்யா கழற்றினாள். ஏதோ வீடியோவைப் பார்த்துச் சுத்தம் செய்ய உட்கார்ந்திருக்கிறாள். தகட்டுக்கு அடியில் ஓர் எழுத்து கீறியிருந்தது. ‘ஜா’.

“அண்ணா, அதிசயம் கேளுங்க! அது மாமியோட ஷட்டிலேதானுங்க! படம் எடுத்து அவங்களுக்கு அனுப்பிட்டேன். கல்யாணத்துக்கு முந்தி தையல் கிளாசுல எல்லார் மெஷினும் ஒரே மாதிரி இருக்குமாம், மாறிடக்கூடாதுன்னு அவங்க அண்ணன் கீறிக் குடுத்தாராம்.”

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

திவ்யாவின் குரல் இறங்கியது. “அழுதாங்கண்ணா. சந்தையிலதான் கெடச்சுதுன்னு சொன்னேன். ‘அப்பத் தொலையல, அவ வித்திருக்கா’ன்னு சொன்னாங்க. இப்ப பீரோ சாவிய இடுப்புலயே முடிஞ்சு வெச்சுக்கறாங்களாம். வளையலத் தெனமும் எண்ணிப் பாக்கறாங்களாம். சுமிதாக்கா பக்கத்துலதான் இருந்திருப்பாங்க போல... ஏதோ கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.”

அதுவரை சுமிதாவின் மேல் இருந்தது சந்தேகம் மட்டும்தான். நாளாக ஆகத் தேய்ந்து போயிருக்கும். நான் திருப்பிக் கொடுத்த பொருள் அதைச் சாட்சியாக்கிவிட்டது!

“அண்ணா, லைன்ல இருக்கீங்களா?”

இருந்தேன். ஒரு வார்த்தை போதும். அவள் மாமியின் எண்ணைக் கொடுப்பாள். சுமிதாவின் எண்ணையும் கொடுப்பாள். “இருக்கேம்மா,” என்றேன். “எண்ணெய் மட்டும் மாசத்துக்கு ஒருதரம் விடு.” போனை வைத்துவிட்டேன்.

இன்றும் என்னை விலை சொல்லக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். சொல்கிறேன். தப்புவதில்லை. செல்வியின் மெஷினில் பழையபடி நூல் அறுகிறது. ஒவ்வொரு தரமும் அவள் ‘ச்சே’ என்கிறாள். அடுத்த அறையில் இருக்கும் நான் காதில் விழாததுபோல் இருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். இதை ஏன் தமிழில் எழுதினேன்? வங்க மண்ணில் பிறந்தவன் நான். சுமிதாவிடம் வங்காளியில் சொல்ல எனக்குச் சொற்பஞ்சம் இல்லை. எழுத வராவிட்டால் எழுதித்தர ஆளுண்டு. யாருக்கு இது போய்ச் சேர வேண்டுமோ, அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்துதான் தமிழை எடுத்தேன்.

மாமி படிப்பார். பத்திரிகையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பவர் அவர். தன் வீட்டுக் கதை என்று அவர் கண்டுகொள்ளக் கூடாதே, அதற்கும் வழி செய்துவிட்டேன். இதிலுள்ள பெயர்கள் எதுவும் உண்மைப் பெயர் இல்லை. அவர்கள் குடிபோன ஊரும் அது இல்லை.

அந்தத் தகட்டுக்கு அடியில் கீறியிருக்கும் எழுத்தும் ‘ஜா’ இல்லை.