புகைபோக்கிக்குள் இறங்கிய கயிறு

மொகிங்கா பை பாதி உயரம் ஏறியிருந்தபோது என் கை நின்றுவிட்டது.

பர்மாவில், பபேடான் பேட்டையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டு முகப்பிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்பவர் பையைக் கிளிப்பில் மாட்டி ஓர் இழு இழுப்பார்; நாங்கள் இரண்டாம் மாடியில் நின்றபடியே பசியாறுதலை மேலே வாங்கிக்கொள்வோம். வீட்டுக்கு வெளியே இப்படி ஏறி இறங்குகிற கயிறு, வீட்டுக்கு உள்ளே ஏன் இறங்கக் கூடாது? அடுப்படிச் சுவருக்குள் வெள்ளைக்காரன் காலத்துப் புகைபோக்கி ஒன்று இருக்கிறதே, அதற்குள் கயிற்றை விட்டுப் பார்த்தால் என்ன? பை தெருவுக்கு மேலே ஊசலாடியது. கீழே நின்றவர் பர்மியத்தில் ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை.

புகைபோக்கி நினைவு வந்ததற்குக் காரணம் அம்மா. ஒன்றரை மாதமாக அவருக்குத் தலைவலி. மாலைச் சமையல் முடிந்ததும் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். கிளினிக்கில் மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். வலி மாறவில்லை. நோன்பு மாதத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஐந்து மாடிக்கும் சேர்த்து அம்மாதான் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார். இந்த வருடம் வேண்டாம் என்று அத்தா முடிவு செய்துவிட்டார். அம்மா பரணிலிருந்து பெரிய சட்டியை இறக்கினார், துடைத்தார், மறுபடி பரணிலேயே வைத்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

யோசித்தால் கணக்கு எளிதாகத்தான் இருந்தது. மின்சாரம் ஒழுங்காக வந்த காலத்தில் கம்பிச்சுருள் சிவக்கிற காயில் அடுப்பு. அப்போது அம்மாவுக்குத் தலைவலி இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மின்சாரம் முறைவைத்து வரத் தொடங்கியதும் கரி அடுப்பு வந்தது, தலைவலியும் வந்தது. நான் தொலைதூரக் கல்வியில் வேதியியல் படிப்பவள். மூடிய அறையில் கரி எரிந்தால் கண்ணுக்குத் தெரியாத, வாசமும் இல்லாத நச்சு வாயு சேரும் என்று தேர்வில் ஒரு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த வாயு எங்கள் வீட்டு அடுப்படிக்கும் வரும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

அன்றே கரி அடுப்பைத் தூக்கிப் பின்பக்கப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்தேன். மூன்று பேர் சோற்றுப் பானைக்கு அந்த இடம் போதும். கஞ்சிச் சட்டியை வைத்தால் யாரும் மாடி ஏற முடியாது. பிறகு புகைபோக்கித் துளைக்கு முன்னால் சாம்பிராணி போட்டேன். புகை உள்ளே போனது, யோசித்தது, திரும்பி என் முகத்துக்கே வந்தது. அத்தாவின் சவரக் கண்ணாடியைத் துளைக்குள் சாய்த்துப் பிடித்து மேலே பார்த்தேன். ஒரு காசு அளவாவது வானம் தெரிய வேண்டும். இருட்டுத்தான் தெரிந்தது.

கயிற்றையும் ஒரு செங்கல்லையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். கயிறு விட அங்கே வாய் இல்லை. வாய் இருந்த இடத்தில் ஒரு சிமெண்டுப் பலகை. அதன் மேல், தமிழ்நாட்டு அலைவரிசைகளுக்காகக் கட்டடத்துத் தமிழர்கள் எல்லாம் கூடி வாங்கிய சாட்டிலைட் தட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டு இருந்தது நான்காம் மாடி மாமாவின் பொறுப்பில். துறைமுக வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அவர். பர்மியர் மகளைக் கூப்பிடுவதுபோல என்னைத் தமீ என்றுதான் கூப்பிடுவார். அவர் வீட்டில்தான் மாலை நாடகத்துக்கு எல்லோரும் கூடுவோம். விஷயத்தைச் சொன்னேன். தட்டை நகர்த்த வேண்டும் என்றேன்.

"நகத்தலாம் தமீ. நாடகம் முடியட்டும்."

"எப்ப முடியும் மாமா?"

"அது எங்க முடியுது? கல்யாணத்துக்கு நாள் பாக்கவே நாலு மாசமாச்சு." பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது சரி, அந்த எடத்தக் காட்டினது யாரு? திசைகாட்டியும் கையுமா நின்னது யாரு?"

நான்தான். மாடியிலேயே உயரமான, உறுதியான இடம் அதுதான் என்று இரண்டு வருடத்துக்கு முன் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னவள் நான்.

"இது பொக போற ஓட்டையாச்சேன்னு அன்னிக்கே கேட்டேன். நீ என்னா சொன்னே?"

இந்தக் காலத்தில் யார் மாமா கரி போடுகிறார்கள் என்று கேட்டிருந்தேன். மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் துளைகளை எப்போதோ பூசி அடைத்திருந்ததால் அன்று யாரும் மறுக்கவும் இல்லை. கரி திரும்பி வந்தபோது நான் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது.

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமி எழுந்து வந்தார். மாமி கோவிலுக்குப் போகிறவர், நோன்பு பிடிப்பவர் இல்லை. ஆனால் கஞ்சி விஷயத்தில் அவரளவு நேரம் தவறாதவர் எங்கள் கட்டடத்தில் கிடையாது. நோன்பு மாதம் முழுக்க, பாங்குக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது, அவர் வீட்டுக் கயிற்றில் ஒரு தூக்குவாளி எங்கள் முகப்புக்கு இறங்கி வந்து நிற்கும். அம்மா நிரப்பிவிட்டுக் கயிற்றை இழுப்பார். மேலே மணி அடிக்கும்.

"கஞ்சி இல்லேன்னா சொன்னாங்க?" என்று மாமி கேட்டார். நான் தலையாட்டினேன். மாமி மாமாவைப் பார்த்தார்.

"நாடகத்துல அழுவுறவ அடுத்த வாரமும் அழுவா. கீழ ஒருத்தி நெசமாவே தலயப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கா. தட்டப் பேத்தெடுங்க."

மறுநாள் காலையில் மாமா உளியும் சுத்தியலுமாக மாடி ஏறினார். பலகை விலகியதும் புகைபோக்கி வாயைத் திறந்தது. செங்கல்லைச் சணல் சாக்கில் சுற்றிக் கயிற்றில் கட்டி, கிணற்றில் வாளி விடுவதுபோல விட்டு விட்டு இழுத்தேன். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், எங்கள் அடுப்படித் துளையைச் சாக்கால் மூட வேண்டும் என்பதைத் தவிர. கீழே போய்ப் பார்த்தால் அடுப்படி, அலமாரி, வேடிக்கை பார்க்க வந்த அத்தா எல்லாம் ஒரே நிறம். கூடவே ஒரு புறாக்கூடும், பிரம்புப் பந்து ஒன்றும் விழுந்திருந்தன. அத்தா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தான் சின்ன வயதில் தொலைத்ததாக இருக்கலாம் என்றார்.

கழுவி முடித்து மறுபடி சாம்பிராணி போட்டேன். இந்த முறை புகை யோசிக்கவில்லை. மேலே நின்ற மாமா, மின்சாரம் வந்தால் தெருவே கத்துகிற அதே குரலில் "லாபி, லாபி" என்று கத்தினார். வந்துவிட்டதாம்.

தட்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குடியேறியது. மூன்று மாலை வெறும் புள்ளிகளை ஒளிபரப்பிவிட்டு நான்காம் மாலை படம் வந்தது. நாடகத்தில் இன்னும் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரி அடுப்பு அடுப்படிக்குத் திரும்பியது, ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்ற என் நிபந்தனையோடு. ஒரு வாரம் பார்த்தோம். அம்மாவின் தலைக்கட்டுத் துணி கொடியில் காய்ந்தபடியே கிடந்தது. எட்டாம் நாள் அவராகவே பரணுக்கு ஏணி போட்டார். முதல் நோன்பன்று மாமியின் தூக்குவாளி வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாக இறங்கி வந்தது.

கஞ்சியைக் கிண்டியபடியே அம்மா கேட்டார்: "இந்த வருசம் பாத்தாச்சு. அடுத்த வருசம் யாரு பாப்பா?"

சரியான கேள்வி. புகைபோக்கி ஒருமுறை திறந்தால் திறந்தே இருந்துவிடாது. புறாவுக்கு வேறு வேலை இல்லை, எங்களுக்கோ மறதி அதிகம். அதனால் படிக்கட்டடியில் பர்மியத்திலும் தமிழிலும் ஒரு தாள் ஒட்டினேன்: ஒவ்வொரு நோன்பு மாதத்துக்கும் முந்திய மாதம் புகைபோக்கிக்குள் கயிறு இறங்கும், சாம்பிராணி சோதனை நடக்கும், அடுப்படித் துளை மூடப்படும். கடைசி வரிக்குக் கீழே அத்தா இரண்டு கோடு போட்டார்.

ஒட்டிய பிறகுதான் உறைத்தது. பிறைக் கணக்கில் நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். இன்னும் சில வருடங்களில் என் சோதனை கொட்டுகிற மழையில் வந்து விழும். அதுகூடப் பிறகு; இந்த வருடமே திறந்த வாய்க்குள் ஆறு மாத மழை இறங்கினால் அம்மாவின் அடுப்பு என்னாவது? அதற்குப் பயந்து யாராவது மறுபடி பலகை போட்டு மூடினால்?

ஆகவே ஒரு குடை வேண்டும். மழையைத் தடுத்துப் புகையை விடுகிற குடை. லத்தா சந்தையில் பெரிய எண்ணெய் டின் ஒன்று வாங்கி, தகட்டை வெட்டி, நான்கு கால் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் அதை மேலே ஏற்றுகிறோம். மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: தட்டை மறைக்கக் கூடாது. இந்த முறை இடத்தை அளந்து காட்டப்போவது மாமா. திசைகாட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.