இரண்டு முறை மறைந்த சூரியன்

ஏறாவூரில் தென்னைமரத்தையும் பள்ளிவாசல் மினாராவையும் விட உயரமாக எதையும் பார்க்காமல் வளர்ந்தவன் என் மச்சான் முனாப். என் தங்கை அஸீமாவின் கணவன். அப்படிப்பட்டவன் வளைகுடாவுக்குப் போய், மேகத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கோபுரத்துக்குக் கண்ணாடி துடைத்தான். இப்போது ஊரோடு வந்து வாவியில் மீனுக்குப் போகிறான். ஆனாலும் அவனைக் கண்டால் எல்லோரும் கோபுரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள், வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி. எனக்கே காது புளித்துவிட்டது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. மகள் அம்னாவின் பிறந்தநாள் வந்தால் முனாப் நோன்பு பிடித்துவிடுவான். வீட்டில் கேக் வெட்டுவார்கள், வட்டிலப்பம் அவிப்பார்கள். இவன் வாயைக் கட்டிக்கொண்டு மூலையில் இருப்பான். அவள் பிறந்த அன்று நோன்பு ஒன்று முறிந்துவிட்டதாம், அந்தக் கடனை அடைக்கிறானாம். "ஒரு நோன்ப எத்தின வருசத்துக்குடா அடைப்பாய்?" என்று கேட்டால் சிரித்து மழுப்புவான்.

இந்த வருடம் அம்னா விடவில்லை. மாலையில் வாவிக்கரை முற்றத்தில், என் பக்கத்தில் இருந்த அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குப் பிறந்தநாள் எண்டா ஒங்களுக்கு மட்டும் பட்டினியா? என்னில கோவமா வாப்பா?"

முனாபின் முகம் விழுந்துவிட்டது. அவளைப் பக்கத்தில் இருத்திச் சொல்லத் தொடங்கினான்.

அந்த நகரத்தில் கோபுரம் இல்லாமல் ஒன்றும் நடக்காதாம். பாதை தவறியவன் தலையை நிமிர்த்தினால் போதும். விடுமுறையில் வேலையாட்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்று படம் பிடித்து ஊருக்கு அனுப்புவார்கள். பெருநாளுக்கு அது உடம்பெல்லாம் வெளிச்சம் உடுத்தும். காசுக்காரர்கள் கீழே சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, லிஃப்டில் மேலே ஓடி, அதே சூரியன் இன்னொரு தடவை மறைவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். அவ்வளவு உயரம். அதனால் மேல்மாடியில் இருப்பவர்கள் பள்ளிவாசல் பாங்கு கேட்டாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் நோன்பு திறப்பார்கள்.

பனிக்காலத்து விடியல் இன்னும் அழகாம். நகரம் முழுவதும் மூட்டத்துக்குள் அமிழ்ந்துவிடும். மற்றக் கட்டடங்களின் நுனி மட்டும், வாவியில் நட்ட வலைக்கம்புகள் போல, வெள்ளைக்கு மேலே நிற்கும். கண்ணாடி துடைக்கும் கூண்டு மெல்ல ஆடும். தோணியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்வானாம். காலை நீட்டினால் தண்ணீரில் படும் போல இருக்குமாம். "நீட்டித் தொலைச்சிராதடா" என்று அந்த நாளில் போனில் நான் கத்தியிருக்கிறேன்.

அம்னா பிறந்தது நோன்பு மாதத்தில். அஸீமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், நிலைமை மோசம். "ரெண்டு உசிருக்கும் உறுதி சொல்ல ஏலாதாம் மச்சான், துஆ கேளு" என்று அவனுக்குப் போனில் சொன்னவன் நான்தான். அதோடு அவன் வேலைக்கு ஏறும் நேரம் வந்துவிட்டது. போனைக் கீழே பூட்டி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஏறினான்.

கோபுரத்தின் நுனிக்குக் கிட்டப் போனபோது காற்று எழும்பியது. காற்று அடங்கும் வரை கூண்டை இறக்க முடியாது. அஸீமா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கீழிருந்து பாங்கு மெல்லியதாக ஏறி வந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் இறைவனிடம் கேட்கும் துஆ வீண்போகாது என்பது எங்கள் நம்பிக்கை. அவனுடையதோ ஏறாவூர்க் காது. பாங்கு விழுந்தால் வாய் தானாகத் திறக்கும். பையிலிருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, கண்ணை மூடித் துஆ கேட்டான். கண்ணைத் திறந்தால், எதிரே கடலுக்கு மேலே சூரியன் அப்படியே நிற்கிறது!

"நோன்பு முறிஞ்சி போச்சி. துஆவும் போச்சோ எண்டு நெஞ்சு பதறிச்சி" என்றான் முனாப். "கீழ சூரியன் மறைஞ்சிட்டு, ஊரே கஞ்சி குடிக்கிது. எனக்கு மட்டும் சூரியன் இரிக்கி. மறுகா அது மெள்ள மெள்ள இறங்கிச்சி மகள். எனக்கெண்டு அல்லாஹ் இன்னொரு நேரம் தந்தான். அது மறையக்குள்ள திரும்பக் கேட்டன். உம்மாவும் வேணும், புள்ளயும் வேணும் எண்டு."

அம்னா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப முதல்ல என்ன கேட்டீங்க?"

பழத்தட்டோடு வந்த அஸீமா வாசலிலேயே நின்றுவிட்டாள். முனாப் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உம்மாவ மட்டும்தான் கேட்டன்" என்றான். "ரெண்டயும் கேட்டா ரெண்டும் போயிருமோ எண்டு பயம். உன்ன நான் இன்னும் காணல்லயே மகள்."

ஒரு நோன்பை ஏன் வருடா வருடம் அடைக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பயத்தைப் போனில் கொடுத்தவன் நான்தான்.

சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் போயிருந்தது. வாவித் தண்ணீர் சிவந்து, அசையாமல் கிடந்தது. அம்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எண்டாலும் உம்மாவத்தான் கேட்டிருப்பன் வாப்பா."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவள் தாயின் தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, தன் கையாலேயே அவன் வாயில் வைத்தாள்.

"இதோட அந்த நோன்பு அடைஞ்சி போச்சி. வாற வருசம் நீங்க கேக் தின்னணும்."

"ஓம் மகள்" என்றான் முனாப்.